பட்டதாரிக்கு மத்திய அரசுப் பணி: விண்ணப்பம் எழுதுமுன்



ஊரை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பட்டம் பெற்றதும் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, “சர்க்கார் பரீட்சைக்கு எழுதிப் போட்டாயா?” என்பதே. கேட்பவர் அப்பரீட்சையை எழுதியவரல்லர். அதன் பெயரையும் அறியார். ஆயினும் கேட்பார். அக்கேள்விக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் ஒன்று நிற்கிறது.

நம் பாட்டனார் காலத்தில், பள்ளியிறுதி வகுப்பு முடித்த இளைஞன் தட்டச்சில் ‘லோயர்’, ‘ஹையர்’ என இரு சான்றிதழ்களையும், முடிந்தால் சுருக்கெழுத்திலும் ஒன்றையும் வாங்கிக்கொண்டு, சென்னையில் ரயில் ஏறுவான். டெல்லியிலோ பம்பாயிலோ இறங்கும்போது அவன் கையில் ஒரு டிரங்குப் பெட்டியும், கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ வாழும் தூரத்து உறவினர் ஒருவரின் முகவரியும் இருக்கும். அவ்வுறவினர் அவனைத் தம் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வார். பெரும்பாலும் அவ்வளவே விண்ணப்பம். இன்று உறவினர் முகவரியால் உத்தியோகம் கிடைப்பதில்லை, அது நல்லதே. ஆனால் பழைய வழி மறைந்த வேகத்தில் புதிய வழி வீடுகளுக்குள் தெரிந்துவிடவில்லை. குறிப்பாக, எழுத்தர் உத்தியோகமே பார்த்திராத குடும்பங்களில், அதாவது சமையற்காரர், ஓட்டுநர், ஆலைத் தொழிலாளர், கட்டட வேலை செய்வோர் ஆகியோரின் இல்லங்களில், முதற் பட்டதாரியாகி நிற்கும் பிள்ளைக்கு வழி சொல்ல ஆளில்லை. அவர்களை நினைந்தே இன்றைய பேச்சு.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறோம். கலைப் பட்டதாரி, நாற்பதைக் கடந்தவர். தேர்வு நடத்தும் அதிகாரம் நமக்கில்லை. அண்டை அயலார் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்ய உதவும் பழக்கம் மட்டும் உண்டு. அப்பழக்கத்தில் நாம் இழைத்த பிழை ஒன்றையும் இப்பேச்சின் நடுவே ஒப்புக்கொள்ளப் போகிறோம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ‘சர்க்கார் பரீட்சை’ என்று பொதுவாகச் சொல்லப்படுவன பல. ஆட்சிப் பணி முதலிய உயர் பணிகளுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு வேறு. அமைச்சகங்களிலும் துறைகளிலும் உதவிப் பிரிவு அலுவலர், வருமான வரி ஆய்வாளர், அஞ்சல் ஆய்வாளர், தணிக்கையர், கணக்கர், வரி உதவியாளர் போன்ற பணிகளுக்குப் பட்டதாரிகளைத் தெரிந்தெடுப்பது பணியாளர் தேர்வு ஆணையம். 1975ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அரசின் தீர்மானத்தால் தோன்றி, 1976 ஜூலையில் பணி தொடங்கி, 1977 செப்டம்பரில் இப்பெயரை எய்தியது அது. அது நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

இத்தேர்வுக்கு எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். புள்ளியியல் அலுவலர் போன்ற சிலவற்றுக்கே தனித் தகுதி வேண்டும். தமிழில் பி.ஏ., வரலாற்றில் பி.ஏ., தொலைநிலைக் கல்வியில் முறைப்படி அங்கீகாரம் பெற்ற பட்டம், எல்லாம் செல்லும். “நம் பிள்ளை வெறும் பி.ஏ. தானே” என்று பெருமூச்சு விடும் தாய்மார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். இறுதியாண்டில் படிப்போரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அறிவிப்பில் குறித்த நாளுக்குள் பட்டத் தகுதியைப் பெற்றிருத்தல் வேண்டும். 7ஆவது ஊதியக் குழுவின் கணக்கில், 4ஆம் நிலையில் உள்ள பணிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 25,500 ரூபாய். 7ஆம் நிலைக்கு 44,900 ரூபாய். படிகள் இதற்கு மேல்.

போட்டியோ கடுமை. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் உத்தேசமாக 17,727. 2025ஆம் ஆண்டுக்கு 14,582. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிப்போர் 20 இலட்சத்துக்கும் மேல். இக்கணக்கைச் சொல்லி யாரையும் மருட்டுவது நம் நோக்கமன்று. விண்ணப்பித்தவர் அனைவரும் தேர்வுக்கூடம் வருவதில்லை. வருவோர் அனைவரும் படித்துவிட்டு வருவதில்லை.

தேர்வு முழுவதும் கணினியில் நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். பகுத்தறியும் திறன், பொது அறிவு, கணக்கு, ஆங்கிலம் என நான்கு பகுதிகள். பகுதிக்கு 25 வினாக்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறையும். 2022ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து இக்கட்டம் வாயிற்படி மட்டுமே. இதன் மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது. இரண்டாம் கட்டமே தரத்தை முடிவு செய்கிறது. அதில் கணக்கு, பகுத்தறிவு, ஆங்கிலம், பொது அறிவு ஆகியவற்றுக்கு 390 மதிப்பெண்கள். கணினி அறிவும், பதினைந்து நிமிடத்தில் தரவுகளைத் தட்டச்சு செய்யும் சோதனையும் தேர்ச்சிக்கு மட்டுமே. பாட்டனார் காலத்துத் தட்டச்சு எவ்வளவோ உருமாறியும் வாயிற்காவலனாக இன்னும் நிற்பது நமக்கு ஒரு வகையில் மகிழ்ச்சியே.

நேர்முகத் தேர்வு இல்லை. 2016 ஜனவரி முதல் இந்நிலைப் பணிகளுக்கு அது நீக்கப்பட்டது. கேள்வி கேட்போர் எதிரே அமர்ந்து நாக்குழறும் அச்சம் இனி வேண்டா. “யாரையாவது பார்க்க வேண்டுமா?” என்று கேட்கும் தந்தையருக்கு விடை: எவரையும் பார்க்க வேண்டா. பணம் பெற்றுக்கொண்டு இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவனை மட்டும் வாயிற்படியோடு திருப்பி அனுப்புக.

மொழியைப் பற்றி ஒரு சொல். பல்பணி ஊழியர் தேர்வும், மேல்நிலைக் கல்வித் தகுதித் தேர்வும் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடைபெறும் என 2023ஆம் ஆண்டில் முடிவாயிற்று. நாம் பேசும் பட்டதாரித் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடைபெறுகிறது. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதனால் தனிக் குறை எதுவும் இல்லை. கணக்கில் எந்த மொழியில் நினைத்துப் பழகியிருக்கிறார்களோ, அந்த மொழியில் வினாத்தாளைப் பார்த்துப் பழகுவது நலம். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளில் ஏழாம் வாய்பாட்டைச் சொல்லும் பிள்ளைகளை நாம் கண்டதுண்டு.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இங்கேதான் நம்மவர் சறுக்குகின்றனர்.

முதற் சறுக்கல் பெயரில். ஆணையத்தின் புதிய இணையதளம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது; அதில் ஒருமுறைப் பதிவு செய்தாக வேண்டும். பழைய தளத்தில் பதிந்திருந்தோரும் புதிதாகப் பதிய வேண்டும். அப்பதிவில் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த நாள் ஆகியன பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். ‘உள்ளபடியே’ என்பதைக் கவனிக்க. சரியானபடியே அன்று, உள்ளபடியே.

தமிழர் பெயர் வழக்கம் வெளிமாநிலத்தில் படும் பாடு நேயர்கள் அறியாததன்று. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்து உண்டு. வடநாட்டுப் பள்ளி எழுத்தர் அதை ஏற்கமாட்டார். “இந்த ஒற்றை எழுத்து என்ன? முழுப்பெயர் சொல்” என்பார். தந்தை தம் பெயரைச் சொல்வார். அது பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஏறிவிடும். மூத்த மகனுக்கு இப்படி. இரண்டாம் மகள் ஊரில் பாட்டி வீட்டில் இரண்டாண்டு படித்தவளாயின், அவள் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். மூன்றாம் பிள்ளைக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூவரும் காகிதத்தில் மூன்று குலத்தவராய் நிற்பர். ஆதாரிலோ நான்காவது ஒரு வடிவம்.

நம் கதையும் இதுவே. அலுவலகத்தில் நம்மைத் தந்தையாரின் பெயராலேயே அழைக்கின்றனர். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் காலை பத்து மணிக்கு எவரேனும் அவரைப் பெயர் சொல்லி அழைக்க, நாம் “இதோ” என்று எழுந்து நிற்கிறோம். நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பர், நாமும் சிரிப்போம். ஆனால் விண்ணப்பத்தில் இது சிரிப்பதற்குரியதன்று.

ஆகவே பிள்ளை பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பட்டச் சான்றிதழையும் மேசைமேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பு நோக்குதல் வேண்டும். ‘ழ’வை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் ஒருவிதமாயும் மற்றொன்றில் வேறுவிதமாயும் இருக்கும். வேறுபாடு இருந்தால் ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒத்ததாக முன்கூட்டியே திருத்திக்கொள்க. அறிவிப்பு வந்த பின் இதற்கு ஓடினால் நாள் போதாது.

ஒளிப்படம் பற்றியும் இரண்டு சொற்கள். முன்பே எடுத்த படத்தை ஒட்டும் முறை இல்லை. விண்ணப்பிக்கும் வேளையில் கருவியின் முன் அமர்ந்து நேரே எடுக்கவேண்டும். மூக்குக்கண்ணாடி கூடாது, தொப்பி கூடாது, பின்புறம் வெறுஞ்சுவர், முகத்தில் வெளிச்சம். கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கும் அதுவும் இல்லை. எழுதியதில் பிழை நேர்ந்தால் திருத்தச் சில நாட்கள் தனியே தருகின்றனர். முதல் முறை திருத்த 200 ரூபாய், மறுமுறை 500. கட்டண விலக்குப் பெற்றோரும் இதைச் செலுத்தியே ஆகவேண்டும். நூறு ரூபாய் விண்ணப்பத்துக்கு எழுநூறு ரூபாய் திருத்தம் ஆகாமல் பார்த்துக் கொள்க.

இரண்டாம் சறுக்கல் சாதிச் சான்றிதழில். நம் பிழையும் இங்கேயே.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் குடியிருக்கும் தெருவுக்குப் பின்தெருவில் சேலம் மாவட்டத்துக் குடும்பம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. தந்தை கரோல்பாக்கில் ஓர் உணவு விடுதியில் சமையற்காரர். மகள் டெல்லியிலேயே பிறந்து, இந்தி வழியில் பள்ளி முடித்து, பி.ஏ. பட்டம் பெற்றவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கும்போது எழுத்துக் கூட்டியே படிப்பாள். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் தொலைபேசி வேலை, இரவில் படிப்பு. இரண்டு முறை எழுதித் தவறியவள். மூன்றாம் முறை விண்ணப்பிக்கும்போது வயது 28 ஆகிவிட்டது.

இத்தேர்வில் பணிக்குப் பணி வயது வரம்பு மாறும். வரி உதவியாளர், தணிக்கையர் போன்றவற்றுக்கு 27. வருமான வரி ஆய்வாளர், உதவிப் பிரிவு அலுவலர் போன்றவற்றுக்கு 30. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்றாண்டுச் சலுகையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஐந்தாண்டுச் சலுகையும் உண்டு.

அப்பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தந்தைக்கு ஊரில் வழங்கப்பட்ட சான்றிதழோடு வந்தாள். அதில் ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்று அச்சிட்டிருந்தது. விண்ணப்பத்தில் ‘இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்று இருந்தது.

“மாமா, இரண்டும் ஒன்றுதானே? இந்த ‘இதர’ எதற்கு?” என்று கேட்டாள்.

நாம் மொழிபெயர்ப்பாளர். சொற்களை நிறுப்பதற்கே சம்பளம் வாங்குபவர். அன்று காப்பி ஆறிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர நமக்கு வேறு சமாதானம் இல்லை. “இரண்டும் ஒன்றே அம்மா, ‘இதர’ என்பது சட்டக்காரர் போடும் அடைமொழி” என்றோம். அவள் அந்தக் கட்டத்தைக் குறித்தாள். மூன்றாண்டுச் சலுகை தானே வந்து சேர்ந்தது.

அவள் தேறினாள். முதற்கட்டம், இரண்டாம் கட்டம் இரண்டிலும் தேறி, 27 வயது வரம்புள்ள பணி ஒன்று ஒதுக்கப்பட்டது. அன்று இரவு தந்தையார் விடுதியிலிருந்து ஒரு பெரிய தூக்கு நிறையக் கேசரி செய்து கொண்டுவந்து தெரு முழுவதும் கொடுத்தார். “சார், என் பரம்பரையில் முதல் ஆபீஸ் உத்தியோகம்” என்று நம் கையைப் பற்றிக்கொண்டார்.

இப்போது சான்றிதழ்களை ஆணையம் சரிபார்ப்பதில்லை. முடிவு வெளியான பின், ஆளைச் சேர்த்துக்கொள்ளும் துறையே சரிபார்க்கிறது. விண்ணப்பத்தில் உள்ள பிழை அதுவரை உறங்கிக் கிடக்கும். அங்கே மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் கேட்டனர். தந்தை விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டியலை எடுத்துக் காட்டினர். அவர்கள் வகுப்பு தமிழ்நாட்டு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தது. மத்திய அரசு தமிழ்நாட்டுக்கென வைத்துள்ள பட்டியலில் இல்லை.

பட்டியல்கள் இரண்டு. மாநில அரசின் கல்வி, வேலைவாய்ப்புகளுக்கு மாநிலப் பட்டியல். மத்திய அரசின் பணிகளுக்கு மத்தியப் பட்டியல். தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘பிற்படுத்தப்பட்டோர்’, ‘மிகவும் பிற்படுத்தப்பட்டோர்’ என்ற பிரிவுகள் உண்டு. மத்தியப் பட்டியலில் அப்பிரிவு கிடையாது, ‘இதர பிற்படுத்தப்பட்டோர்’ என்ற ஒரே பெயர். பெரும்பாலான வகுப்புகள் இரண்டிலும் உள. சில ஒன்றில் மட்டும் உள. ‘இதர’ என்ற அந்த மூன்றெழுத்து அடைமொழியன்று; அது வேறொரு பட்டியலின் பெயர்.

அவள் பொதுப் பிரிவில் சேர்க்கப்பட வேண்டியவளானாள். பொதுப் பிரிவில் அப்பணிக்கு வயது 27, அவளுக்கோ 28. ஆகவே மதிப்பெண்ணைப் பார்க்கவும் இடமில்லை. தேறிய தேர்வு எழுதாத தேர்வாயிற்று. துறையினர் செய்தது விதிப்படியே. அவர்கள்மேல் குறை சொல்ல இயலாது. அன்று நாம் வாயைத் திறக்குமுன் பட்டியலைத் திறந்திருந்தால், அவள் தொடக்கத்திலேயே பொதுப் பிரிவில் விண்ணப்பித்து, 30 வயது வரம்புள்ள பணிகளையே குறியாகக் கொண்டு, அதற்கு வேண்டிய மதிப்பெண்ணுக்குப் படித்திருப்பாள். கிடைத்திருக்குமா என்பது வேறு. குறியாவது சரியாக இருந்திருக்கும்.

நேயர்கள் கேட்பதற்கு வசதியாக இதைச் சற்று நின்று சொல்கிறோம். பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்தின் இணையதளத்தில் மத்தியப் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. பார்க்க வேண்டியது தாங்கள் இப்போது வாழும் மாநிலத்தின் பக்கத்தையன்று. பூர்வீக மாநிலத்தின் பக்கத்தை. மும்பையில் மூன்று தலைமுறையாக இருப்பவரும் தமிழ்நாட்டுப் பக்கத்தையே பார்க்க வேண்டும். குடிபெயர்ந்தவரின் சாதி நிலை பூர்வீக மாநிலத்தைச் சார்ந்தது. குடிபெயர்ந்த மாநிலத்தில் அதே பெயருள்ள வகுப்பு இருந்தாலும் அதைத் தமதாக்கிக் கொள்ள இயலாது. பட்டியல் சாதியினருக்கும் இவ்விதியே. ஆனால் அஞ்ச வேண்டா: மத்திய அரசுப் பணிகளில் பூர்வீக மாநிலத்துச் சான்றிதழைக் கொண்டு நாடு முழுவதும் உரிமை கோரலாம். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பீர் சிங் வழக்கில் இப்பொருளை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பளித்தது.

வெளிமாநிலத்தில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் பெற, தந்தைக்குப் பூர்வீக மாநிலத்தில் வழங்கப்பட்ட சான்றிதழ் அடிப்படை. அதைக் காட்டினால் வாழும் மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்கு வழங்கலாம் என்று மத்திய அரசின் நெறிமுறைகள் சொல்கின்றன. நடைமுறையில் ஊருக்கு ஒரு நடை போய் வருவது தவிர்க்க இயலாததாகிவிடுகிறது. தந்தையிடமே சான்றிதழ் இல்லாத குடும்பங்கள் பல. அவர் ஊரை விட்டு வந்தபோது வயது பதினாறு. சான்றிதழ் எதற்கென்று எவரும் சொல்லவில்லை. அத்தகைய இல்லங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குவது நலம். பாட்டனார் படித்த தொடக்கப்பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் எந்தப் பரணில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோ இருப்பர், அவர்களுக்கும் வயதாகிறது.

இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழில் மேல்தட்டினர் அல்லர் என்ற உறுதிமொழியும் வேண்டும். அதற்கான ஆண்டு வருமான வரம்பு 2017 முதல் 8 இலட்சம் ரூபாய். எது வருமானம், எது அன்று என்பதில் நுணுக்கங்கள் உள; அவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிக. மத்தியப் பட்டியல் எதிலும் இடம்பெறாத வகுப்பினர், 2019இல் ஏற்படுத்தப்பட்ட பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டில் உரிமை கோரலாமா என்றும் பார்க்க. அதற்கு வயதுச் சலுகை கிடையாது.

மூன்றாவதாக, பணிகளுக்கான விருப்ப வரிசை. இதை மாலை நேரத்து அரட்டையில் முடிவு செய்கின்றனர். பணியின் பெயர் அழகாயிருக்கிறதா என்று பாராமல், வேலை அலுவலகத்திலா வெளியிலா, மாற்றல் எங்கெங்கு, நம் வயதுக்கும் உடலுக்கும் ஏற்றதா என்று பார்க்க வேண்டும். வெளிமாநிலத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: தந்தை “ஊர்ப் பக்கம் போடு” என்பார், பிள்ளைக்கோ ஊர் என்பது கோடை விடுமுறையில் கண்ட ஒரு கிணறும் இரண்டு தென்னையும். எவர் பக்கம் நியாயம் என்று நாம் சொல்லப் போவதில்லை. விருப்பத்தைப் பதிந்துவிட்ட பின் இவ்விவாதத்தை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் சொல்வோம்.

கலைப் பட்டதாரிகள் கணக்கைக் கண்டு கலங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும், நாமும் அவ்வினத்தவர். கேட்கப்படுவது விழுக்காடு, விகிதம், வட்டி, இலாப நட்டம், நேரமும் தொலைவும், சிறிது வடிவியலும் முக்கோணவியலும். பள்ளிக்கூடத்தில் கண்ட சரக்கே. கடினம் கணக்கில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. சந்தைக்குப் போய்ப் பழகிய அம்மையார் மனக்கணக்காகச் சொல்லுவதைப் பட்டதாரி மகன் தாளில் போட்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறான். அம்மையாரிடம் பயிற்சி பெறுவதில் மானக்கேடு இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை; முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்த்தவரே நாம் அறிந்த வரையில் தேறியிருக்கின்றனர்.

அப்பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். செய்தி வந்த பின் மூன்று வாரம் அவள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாமே போனோம். தந்தை நாற்காலி போட்டார். “சார் என்ன செய்வீர்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னீர்கள்” என்றார். திட்டியிருந்தால் எளிதாயிருந்திருக்கும். அவள் உள்ளே இருந்து வந்து, “மாமா, 30 வரைக்கும் இருக்கிற பணிகளின் பட்டியலை எடுத்து வைத்திருக்கிறேன், பொதுப் பிரிவில் எவ்வளவு மதிப்பெண் வேண்டியிருக்கிறது பாருங்கள்” என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். போன முறை பெற்றதைக் காட்டிலும் மிக அதிகம். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தோம்.

அடுத்த அறிவிப்பு வந்தபோது அவளுக்கு வயது 29. அறிவிப்பு முழுவதையும் அச்சிட்டு, சிவப்புப் பென்சிலால் வரிக்கு வரி கோடிட்டுக்கொண்டு வந்தாள். இம்முறை நம்மிடம் எதற்கும் பொருள் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அருகருகே வைத்து அவளே ஒப்பிட்டாள். வகுப்புக் கட்டத்தில் பொதுப் பிரிவு என்று அவளே குறித்தாள். ஒளிப்படம் எடுக்கும்போது மட்டும் அறையில் வெளிச்சம் போதவில்லை. “மாமா, அந்த மேசை விளக்கைச் சற்று உயர்த்திப் பிடிக்கிறீர்களா?” என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து அமர்ந்தாள். கை நடுங்காமல் பிடித்திருந்தோம். படம் ஏற்கப்பட்டது, பதிவெண் வந்தது. இறுதி நாளுக்கு இன்னும் பதினோரு நாட்கள் இருந்தன.